கண் திறக்காத மாதா

எங்கள் மாதாவைப் புதைத்த அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. புதைத்தார்கள் என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் குழி தோண்டி, கோதுமைச் சாக்கில் சுற்றி, தீர்த்தம் தெளித்து, மண்ணைத் தள்ளி மூடினார்கள். மந்திரித்த சுரூபம், அதுதான் சிலை, உடைந்துபோனால் குப்பையில் வீசக்கூடாது, மண்ணுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் கிறிஸ்தவ வேதக்காரர்களின் வழக்கம். வழக்கம் எனக்கும் தெரியும். ஆனால் போனது மூக்கும் அரைக் கன்னமும்தானே? மூக்கு போய்விட்டால் பெற்றவளைக் குழியில் இறக்கிவிடுவார்களா?

எல்லாம் எண்பத்தேழாம் வருஷத் திருவிழாவில் வந்த வினை. தேர் மேனாம்பேடு ரோட்டில் திரும்பியது. தேர் என்றால் பெரிய தேர் இல்லை, தள்ளுவண்டிக்குச் சீரியல் பல்பு கட்டியதுதான். தண்ணீர்க் குழாய் போடுகிறேன் என்று எவனோ தோண்டிவிட்டு மூடாமல் போன பள்ளத்தில் சக்கரம் இறங்கியது. மாதா முகம் குப்புற விழுந்தாள். நான் அப்போது பக்கத்தில்தான் நடந்து வந்துகொண்டிருந்தேன். தாங்கிப் பிடிக்கக் கையை நீட்டினேன், கிடைத்தது அவள் போட்டிருந்த ஜரிகைத் துணி மட்டும்தான்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் அன்னம்மாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேண்டீனில் சாம்பார் கிளறுகிறேன். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது. ஒரே மகன் ராஜசேகரன், லேத் பட்டறையில் வேலை. எனக்கு நீட்டி முழக்கி ஜெபம் பண்ண வராது. நான் மாதாவிடம் போய்ச் சண்டை போடுவேன், அதுதான் என் ஜெபம். அரிசிக்கு இல்லாதபோதும் சண்டை, புருஷன் படுக்கையில் கிடந்தபோதும் சண்டை. அவள் வெள்ளை முகம், ரோஸ் கன்னம், நீல முக்காடு, கீழே பார்த்த கண். நான் கத்தக் கத்த அந்தக் கண் தரையையே பார்த்துக்கொண்டிருக்கும். கத்தி முடித்ததும் எனக்கு மனசு லேசாகிவிடும். பால் குடிக்கிற வயசிலிருந்து பார்த்த முகம் அது. அந்த முகத்தைத் தவிர வேறு முகத்தைப் பார்த்து எனக்கு வாய் வராது.

என் மருமகள் நாகவல்லிக்கு அந்த முகம் ஆகவே ஆகாது. அவள் அம்மன் கோயில் இருக்கிற திருவேற்காட்டுப் பெண். எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கிறவள். பஸ்ஸில் பார்த்துப் பழகி, ரிஜிஸ்டர் ஆபீஸில் மாலை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்கள். கொஞ்ச நாள் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் அவள் வைத்த வஞ்சிர மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுப் பேசினேன். அவள் ஞானஸ்நானம் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னோடு பூசைக்கு வருவாள், கடைசி வரிசையில் உட்காருவாள், மாதா பக்கம் திரும்பமாட்டாள். ஒரு நாள் காரணம் கேட்டேன்.

"கோச்சுக்காத அத்தே. அவுங்கள பாத்தா எங்க கம்பெனிக்கு இன்ஸ்பெக்சன் வர்ற வெள்ளைக்காரம்மா மாரியே கீது. காலர் கோணலா கீதான்னு பாக்க வந்தவங்களாண்ட போயி வயித்து வலின்னு எப்டி சொல்றது?"

"வாயக் கழுவு, போ!" என்று கத்தினேன். அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. மாதாவைப் பார்த்து ஒருத்தி இப்படிச் சொல்வாளா?

அவளுக்கு வயித்து வலி சொல்லக் காரணம் இருந்தது. இரண்டு முறை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. இரண்டு முறையும் நான் மாதாவிடம் போய் நின்றேன். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் வெள்ளித் தொட்டில் வைக்கிறேன் என்று பொருத்தனை பண்ணினேன். இரண்டாவதும் போனபோது நாகவல்லி ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "கேட்டியே அத்தே, அவுங்க காதுல உழுந்துச்சா?" என்றாள். நான் நேராகக் கோயிலுக்குப் போய் மாதாவை வாய்க்கு வந்தபடி கேட்டேன். அவள் வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்கடுத்த திருவிழாவில்தான் மாதா விழுந்தாள். அவளைப் புதைத்துச் சில மாதம் கழித்து நாகவல்லி மூன்றாவதாக உண்டானாள். எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல ஆகிவிட்டது. பிள்ளைக்காக வேண்டிக்கொள்ள வேண்டும், ஆனால் யாரிடம் போய் வேண்டுவது? மேடை காலியாகக் கிடந்தது. பூச்சாடி இருந்த வட்டக் கறை மட்டும் தெரிந்தது.

புதுச் சுரூபம் வாங்கும் பேச்சு எழுந்தது. எங்கள் ஃபாதர் இன்னாசி சின்ன வயசுக்காரர். நல்ல பிள்ளை, குறை சொல்லமாட்டேன். காய்ச்சல் என்றால் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து பார்ப்பார். ஆனால் எங்கேயோ போய் என்னவோ படித்துவிட்டு வந்திருந்தார். வந்ததும் பீடத்துக்குப் பக்கத்தில் குத்துவிளக்கு வைத்தார். ஒரு நாள் சம்மணம் போட்டு உட்கார்ந்து பூசை வைத்தார். பொறுத்துக்கொண்டோம். பிரசங்கத்தில் ஒரு நாள், "நம்ம மாதா நம்ம முகத்தோட இருக்கணும். கருங்கல்லுல, சேலை கட்டி, நம்ம வீட்டு அம்மா மாதிரி" என்று அறிவித்தார். பூசை முடிந்ததும் நான் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா சாமி இது? மாதா நம்ம ஊர்க்காரியா? அவுங்க யூத தேசத்துல பொறந்தவங்கன்னு நீங்கதான சொன்னீங்க?"

"சரிதான் அன்னம்மா. யூத தேசத்துல ரோஸ் கன்னமும் பூனைக் கண்ணும் எங்கேருந்து வந்துச்சு? அதுவும் யாரோ அவங்க ஊர் முகத்தைத்தானே வச்சாங்க? நாம வச்சா மட்டும் தப்பா?"

பதில் தெரியாதபோதுதான் எனக்குக் கோபம் அதிகமாக வரும். "அதெல்லாம் எனக்குத் தெரியாது. நாப்பது வருசமா பாத்த மூஞ்சிய நீங்க ஒரு பிரசங்கத்துல மாத்துவீங்களா?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பாரிவாக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் உலகநாதன் என்ற ஸ்தபதியிடம் ஃபாதர் வேலையைக் கொடுத்தார். அம்மன் சிலை, ஐயனார் சிலை எல்லாம் அடிக்கிற ஆள். இரண்டு மூன்று தடவை ஃபாதரே போய்ப் பார்த்துவிட்டு வந்து, அற்புதமாக வருகிறது, அற்புதமாக வருகிறது என்றார். அடுத்த செப்டம்பர் திருவிழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் மினி லாரியில் வந்து இறங்கியது. கோயில் நடுவில், பெரிய வாசலுக்கு நேராக, கல் மேடையில் தூக்கி வைத்தார்கள். நாகவல்லி அப்போது ஐந்து மாதம். என் பக்கத்தில்தான் நின்றாள்.

ஃபாதர் துணியை விலக்கினார். கன்னங்கரேல் என்று கல். பின் கொசுவம் வைத்துக் கட்டிய சேலை. காதில் தண்டட்டி, தலையில் கொண்டை, இடுப்பில் பிள்ளை. என் பின்னால் இருந்து பக்கத்து வீட்டு வடிவு, "அய்ய, நம்ம தெரு வேம்புலியம்மன் கணக்கா கீது" என்றாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாகிவிட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டேன். சரி, முகத்தையாவது பார்ப்போம் என்று கிட்டப் போனேன்.

கண் இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் புளியங்கொட்டை மாதிரி வழவழவென்று இரண்டு மேடு, அவ்வளவுதான்.

"சாமி! கண்ணு எங்க சாமி?" என்று நான் போட்ட சத்தத்தில் வாசலில் விளையாடின பிள்ளைகள் எல்லாம் உள்ளே ஓடிவந்துவிட்டார்கள்.

ஃபாதர் பட்டறையில் கண் முடியாமல் இருந்ததைப் பார்த்தாராம். அனுப்புவதற்குள் முடித்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டாராம். லாரியோடு மொபெட்டில் வந்திருந்த உலகநாதனைக் கூப்பிட்டார். அந்த ஆள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாக வந்தார்.

"கண்ணு இங்கதான் தொறக்கணும் சாமி. பட்டறைல தொறந்தா அது என் பட்டறையதான் பாத்துக்கினு கெடக்கும். ஒரு பசு மாடும் கன்னுக்குட்டியும் ஏற்பாடு பண்ணுங்க. ஒரு கண்ணாடி, நவதானியம். காலைல நல்ல நேரம் பாத்துத் தொறந்துடறேன். மொத பார்வை மனுசாள் மேல உழக்கூடாது, உக்கிரமா இருக்கும். இதெல்லாம் சாமியாருக்குத் தெரியாதா இன்னா?"

"இது விக்கிரகம் இல்லைங்க. அடையாளம்தான். உளியை எடுத்து ரெண்டு கண்ணைச் செதுக்கிட்டுப் போங்க" என்றார் ஃபாதர்.

"எங்கப்பா காலத்துலேந்து அப்டி ஒரு சிலைக்கும் தொறந்ததில்ல சாமி. எனக்கும் புள்ள குட்டி கீது."

"அம்மிக்கல்லும்தான் கொத்துறீங்க. அதுக்கும் பசு மாடு கூட்டி வருவீங்களா?"

"அம்மிக்குக் கண்ணு கெடையாது சாமி" என்று சொல்லிவிட்டு அந்த ஆள் மொபெட்டை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

திருவிழா எப்படி நடந்தது என்று கேட்காதீர்கள். மாதா முகத்துக்கு ஒரு வெள்ளை வலைத்துணியைப் போட்டு, மேலே மல்லிகைச் சரம் தொங்கவிட்டார்கள். வந்த ஜனம் எல்லாம் திரைக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போயிற்று. அக்கம்பக்கத்துக் கோயில்காரர்கள் கேட்டபோது, "எங்க மாதாவுக்கு ஒடம்பு சரியில்ல" என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

திருவிழா போய் மழை வந்தது. துணி துணியாகவே தொங்கியது. ஒரு நாள் காலையில் நாகவல்லி பின்பக்கம் போனவள், "அத்தே!" என்று கூப்பிட்டாள். அந்தக் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சேலையில் ரத்தம். ஆட்டோ பிடித்து ஓடினோம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, பிள்ளை இருக்கிறது, ஆனால் எழுந்து நடக்கவே கூடாது என்றார். கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்திப் படுக்கச் சொன்னார். ராஜசேகரன் செங்கல் எடுத்து வந்து அடுக்கினான்.

அன்றைக்கே கோயிலுக்குப் போனேன். வலைத்துணியைத் தூக்கிவிட்டு முட்டி போட்டேன். "தாயே" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. கல்லைப் பார்க்கிறேன், கல் என்னைப் பார்க்கவில்லை. பழையவள் தரையைப் பார்த்தாலும் பார்க்கிற கண் ஒன்று இருந்தது. சண்டை போட எதிரில் ஆள் வேண்டாமா? எழுந்து பின்பக்கம் வேப்பமரத்தடிக்குப் போனேன். புதைத்த இடம் சேறாகிக் கிடந்தது, அதன் மேல் ஒரு நாய் சுருண்டு படுத்திருந்தது. நாயைத் துரத்திவிட்டு அங்கேயே நின்று அழுதேன். வீட்டில் கடைக்காரன் கொடுத்த காலண்டரில் ஏசுநாதர் படம் இருக்கிறது. அதையும் பார்த்தேன். அது நல்ல படம்தான். ஆனால் பெண்பிள்ளைக்கு ரத்தம் போகிற சங்கதியை ஆம்பளையிடம் போய் எப்படிச் சொல்வது?

ஒரு மத்தியானம் கஞ்சி கொடுக்கப் போனபோது நாகவல்லி கேட்டாள்.

"அத்தே, புதுசுக்குக் கண்ணு தொறந்தாங்களா?"

"உனக்கு எதுக்கு அது?"

"தொறக்கட்டும். நானே வந்து அவுங்களாண்ட கேக்கணும். அவுங்களுக்கு எங்கம்மா மாரி மூஞ்சி."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அவள் படுத்திருக்கிற நிலைமைகூட மறந்துவிட்டது. "ஏண்டி, அத்தினி நாளு நான் முட்டி தேயத் தேய வேண்டினேன், ஒரு வாட்டி கிட்ட வந்து கும்பிட்டியா? இப்ப கறுப்பா வந்ததும் உன் சாமி ஆயிட்டாங்களா?"

அவள் கோபப்படவில்லை. தலையணையில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "கறுப்பா இருந்தா உன் சாமி இல்லியா அத்தே? நீ இன்னா வெளுப்பா?"

கஞ்சி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். குழாயடியில் நின்று கையைப் பார்த்தேன். கேண்டீன் அடுப்பில் கருகின கை வேறு, கேட்பானேன். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் குடத்தை உதைத்தேன். கால்தான் வலித்தது.

ஆனால் ஒன்று புரிந்தது. எனக்கு அந்தக் கறுப்பு முகம் பிடிக்கிறதோ பிடிக்கவில்லையோ, இந்தப் பெண் அதைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். நான் பார்க்கவும் ஒரு கண் வேண்டும். இரண்டு ஆம்பளைகள் வீம்பு பிடித்துக்கொண்டு நடுவில் ஒரு தாயைக் குருடியாக்கி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பிள்ளை தங்குமா தங்காதா என்று நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறோம். இவர்களுக்கு மாடு வேண்டுமா வேண்டாமா என்று வழக்கு.

முதலில் ஃபாதரிடம் போனேன்.

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி வரம் குடுக்க மாட்டான்னு சொல்லுவாங்க. நீங்க அப்டிதான் நிக்கிறீங்க" என்றேன்.

"அன்னம்மா, கோயிலுக்குள்ள பசு மாட்டைக் கொண்டுவந்தேன்னு வெளியே தெரிஞ்சா மேலிடத்துல என்னைத்தான் கேப்பாங்க. பாதி ஜனம் ஏற்கெனவே வேம்புலியம்மன்னு பேசுது."

"கிறிஸ்மஸ் குடில்ல மட்டும் மாடு படுத்துக்கினு கீதே?"

"அது களிமண் மாடு."

"மாதா புள்ள பெத்தப்போ பக்கத்துல நின்னது களிமண் மாடா சாமி?"

ஃபாதர் சிரித்துவிட்டார். சிரித்தாலும் தலையை ஆட்டவில்லை. அடுத்து ஸ்தபதியைத் தேடிப் போனேன், அம்பத்தூரிலிருந்து ஆவடி, ஆவடியிலிருந்து பூந்தமல்லி, அங்கிருந்து பாரிவாக்கத்துக்கு மழையில் நடை. உலகநாதன் பட்டறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மந்திரம் வேணாம், கற்பூரம் வேணாம்னு சொல்லட்டும், ஒத்துக்கறேன். அவுங்க கோயிலு. ஆனா மொத பார்வைக்கு ஒரு வழி வேணும்மா. ஆள் மேல உழுந்து ஏதாச்சும் ஆச்சுன்னா என் கை ஓடாது அப்பால" என்றார்.

"மூடநம்பிக்கை!" என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். "எங்க மாதா யாரையும் எரிக்க மாட்டா."

"எரிக்கிறாங்களோ இல்லியோ, நான் உளி எடுக்க மாட்டேன்."

மறுபடி ஃபாதர், மறுபடி பாரிவாக்கம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம் நான்தான். கேண்டீனில் சாம்பாருக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்றுகூட நினைவில்லாமல் அலைந்தேன். கடைசியில் ஒரு வழி பிறந்தது. கோயில் வாசலுக்கு நேர் எதிரே, காம்பவுண்டுக்கு வெளியே காலி மனை ஒன்று இருக்கிறது. பால்காரர் சின்னசாமி அதில்தான் மாட்டைக் கட்டுவார். பெரிய வாசலை அகலத் திறந்து வைத்து, நாங்கள் எல்லோரும் சுரூபத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டால், முதல் பார்வை நேராக வெளியே போய் மாட்டின் மேல் விழும். உலகநாதன் சரி என்றார். ஃபாதர் மோவாயைத் தடவிக்கொண்டு, "காம்பவுண்டுக்கு வெளியே எது மேஞ்சாலும் அது என் பொறுப்பு இல்லை" என்றார். சின்னசாமியிடம் நான் போய்ச் சொல்லி, சிவப்புப் பசுவையும் கன்றையும் கட்டச் சொன்னேன்.

இதை வீட்டில் நாகவல்லியிடம் சொன்னது நான்தான். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவள் தினமும் கேட்டுக்கொண்டே இருந்தாள். சொன்னதும் அவள் முகம் ஒரு மாதிரி தெளிவானது. அதை நான் நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். ஃபாதர், நான், வடிவு, இன்னும் நாலைந்து பேர். சுரூபத்துக்குப் பின்னால் நின்று ஜெபமாலை தொடங்கினோம். உலகநாதன் ஒரு பக்கமாக நின்று, உடம்பை வளைத்து, கையை மட்டும் மாதா முகத்துக்கு முன்னால் நீட்டி உளி வைத்தார். அந்தச் சின்னச் சுத்தியின் சத்தம் கோயில் முழுக்கக் கேட்டது. ஒரு கண் முடிந்தது. அந்த ஆளுக்கு வியர்த்துக் கொட்டியது. அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. நான் கொஞ்சம் எட்டி வாசலைப் பார்த்தேன். சின்னசாமி ஓடி வந்து மாட்டை அவிழ்த்து, கன்றோடு கொட்டகைக்கு ஓட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். மாடு நனைந்தால் பாலுக்கு என்ன கதி என்று அவருக்கு. காலி மனை காலியாகவே நின்றது.

போகட்டும், மண்ணைப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அப்போது அங்கே ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து நாகவல்லி இறங்கினாள்.

என் கையிலிருந்து ஜெபமாலை விழுந்தது. எழுந்து நடக்கவே கூடாது என்று டாக்டரம்மா சொன்ன பெண், மழையில் அடிமேல் அடி வைத்து நடந்து வந்து, காம்பவுண்டு கேட்டைத் தாண்டி, வாசப்படிக்குக் கீழே நேராக நின்றாள். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வழி தெரியாமல் வந்து நிற்கிறவள் இல்லை அவள். திருவேற்காட்டில் பிறந்தவளுக்குக் கண் திறப்பு என்றால் என்னவென்று எனக்கு மேல் தெரியும்.

"தள்ளிக்கடி! நாகு, தள்ளிக்க!" என்று கத்தினேன். அவள் அசையவில்லை.

உலகநாதனின் கை ஓடிக்கொண்டிருந்தது. பாதிக் கண்ணில் நிறுத்த அவரால் முடியாது. நான் ஓடினேன். இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு இத்தனை வேகமாக நான் எப்போது ஓடினேன் என்று எனக்கே தெரியாது. அவளுக்கு முன்னால் போய்க் கையை விரித்து மறைத்துக்கொண்டு நின்றேன். என் முதுகு கோயில் பக்கம், முகம் அவள் பக்கம். சுத்திச் சத்தம் நின்றது. பின்னால் உலகநாதன், "அய்யோ அம்மா!" என்று அலறியது கேட்டது. என் முதுகு முழுக்கச் சில்லென்று ஆனது. மழையாகத்தான் இருக்கும்.

"உனக்கு இன்னா பைத்தியமா? சாவணும்னு வந்தியா?" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கப் போய், உலுக்கக்கூடாது என்று கையை எடுத்துக்கொண்டேன்.

"மொத பார்வைலதான் அத்தே எல்லா சக்தியும் கீது. மாட்டுக்கு எதுக்கு அது? என் வயித்துக்கு வரட்டும்னு வந்தேன்." அப்புறம் என்னை உற்றுப் பார்த்தாள். "இதெல்லாம் மூடநம்பிக்கைன்னு நீதான சொன்ன? அப்பால எதுக்கு ஓடியாந்து குறுக்க நின்ன?"

அவளைக் கையில் தாங்கிக்கொண்டு, மெதுவாகப் படியேறி, கோயிலுக்குள் நுழைந்தேன். உலகநாதன் உளியைக் கீழே போட்டுவிட்டு என்னை மேலும் கீழுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் எரிந்துவிட்டேனா என்று. அப்போதுதான் நிமிர்ந்தேன்.

மாதாவுக்குக் கண் வந்திருந்தது. தரையைப் பார்க்கிற கண் இல்லை. நேராகப் பார்க்கிற கண். அகலமான கறுப்பு முகத்தில், எனக்கு இன்னும் பிடிக்காத அந்தச் சப்பை மூக்குக்கு மேலே, இரண்டு கண்ணும் என்னையே பார்த்தன. அடுத்த நொடி வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இன்னா பாக்கறே?" என்றேன். "இப்பயாவது பாத்தியே! ரெண்டு வாட்டி வந்து கத்தினேன், ரெண்டு வாட்டியும் தலைய குனிஞ்சிக்கினு தரைய பாத்துக்கினு நின்னே. தொட்டிலு வெக்கிறேன்னு சொன்னேன், கேட்டியா? புள்ளையப் பறி குடுத்துட்டு இவ செவுத்தப் பாத்துப் படுத்துக் கெடந்தா, அப்பயும் கம்முனு நின்னே. இப்ப நேரா பாத்துட்டே இல்ல? இவதான். இந்த வயிறுதான். இனிமே பாக்கல, தெரியலன்னு எங்கிட்ட கதை வுட்டே, நடக்கறதே வேற!"

வடிவு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். நாகவல்லி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அய்ய, அத்தே. தரைய பாத்தது பழைய மாதா. அவுங்க மண்ணுக்குள்ள கீறாங்க. புதுசா வந்தவங்களாண்ட போயி பழைய சண்டைய போடுறியே."

"நீ கம்முனு உக்காரு" என்றேன். "அவளுக்குத் தெரியும்."